வான் நெருப்பைத் தேடியவர்

1908-ம் ஆண்டு ஜுன் மாதம் 30-ந்தேதி.

காலை 7 மணி இருக்கும். ரஷியாவில், சைபீரியா என்னும் குளிர் பிரதேசத்தில் வனவாரா என்று ஓர் இடம். பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சில மர வீடுகள். வியாபாரிகள் வந்து தங்கும் ஒரு சாவடி. அவ்வளவுதான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காடு, காடு, காடுதான்.

அங்கே ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருந்தார். திடீர் என்று வடக்கு வானம் இரண்டாகப் பிளந்தது போல் தெரிந்தது. பிளந்த இடம் எல்லாம் ஒரே நெருப்பு! அவர் உடம்பில் தாங்க முடியாத சூடு ஏறியது. சட்டையில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அதைக் கிழித்து எறியப் போனார். அதற்குள் படார் என்று ஒரு சத்தம். மனிதர் திண்ணையில் இருந்து பல அடி தூரம் தூக்கி எறியப்பட்டார். நினைவு இழந்தார். மனைவி ஓடி வந்து அவரை வீட்டுக்குள் இழுத்துச் சென்றாள்.

பூமி நடுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? அந்த நெருப்பு வெடித்த இடம் அவருடைய வீட்டில் இருந்து சுமார் 65 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது!

அந்த நெருப்பு என்ன? வானத்தில் இருந்து வந்தது எது? அது எங்கே போயிற்று?

இந்தக் கேள்விகளுக்கு விடை காண ஒரு மனிதர் தன் வாழ்நாளில் 20 ஆண்டுகளைக் கொடுத்தார். பசியைப் பொறுத்தார். பனியைப் பொறுத்தார். ஆற்றில் மூழ்கி எழுந்தார். அவர் பெயர் லியோனிட் கூலிக்.

அவருடைய கதையைப் பார்ப்போம்.

உலகமே உணர்ந்தது

அன்று நடந்ததை உலகத்தின் பல நாடுகள் உணர்ந்தன. ஆனால் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சைபீரியாவில் இர்குட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே பூகம்பத்தை அளக்கும் கருவி இருந்தது. அதன் முள் ஆடியது. இங்கிலாந்தில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் கூட ஒரு துள்ளுத் துள்ளின. வெடித்த வெடியில் காற்று மண்டலமே அலை அலையாக அதிர்ந்து, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தூரம் ஓடிற்று.

அன்று இரவும் அதற்கு அடுத்த சில இரவுகளும் ஐரோப்பாவில் வானம் இருட்டவே இல்லை. லண்டனில் நள்ளிரவில் விளக்கு இல்லாமல் பத்திரிகை படிக்க முடிந்தது. காரணம் தெரியாமல் மக்கள் திகைத்தார்கள்.

ஆனால் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. ரெயில் பாதையில் இருந்து அது பல நூறு கிலோ மீட்டர் தள்ளி, காட்டுக்குள் இருந்தது. சாலை கிடையாது. அதன் பிறகு ரஷியாவில் யுத்தம் வந்தது. புரட்சி வந்தது. பஞ்சம் வந்தது. வான் நெருப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

காட்டு அதிகாரி

கூலிக் 1883-ம் ஆண்டு தார்த்து நகரில் பிறந்தார். அது அப்பொழுது ரஷியப் பேரரசைச் சேர்ந்த ஊர். இப்பொழுது எஸ்தோனியா நாட்டில் இருக்கிறது.

காடு வளர்ப்புக் கலையைப் படித்தார். ரஷியாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த யுத்தத்தில் போர் வீரராக இருந்தார். பிறகு ஜார் மன்னர் ஆட்சியை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டு, சிறைக்கும் போனார்.

யூரல் மலைப் பகுதியில் காட்டு இலாகா வேலை கிடைத்தது. மரங்களைப் பார்க்க வேண்டிய மனிதர், தரையில் கிடந்த கற்களையும் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கல்லையும் பொறுக்கினார். தட்டிப் பார்த்தார். தரம் பிரித்தார்.

வெர்னாத்ஸ்கி என்ற பெரிய விஞ்ஞானி ஆராய்ச்சிக்காக அந்த மலைக்கு வந்தார். கற்கள் மீது ஆசை கொண்ட இந்தக் காட்டு அதிகாரியை அவருக்குப் பிடித்துவிட்டது. கூலிக்கின் வாழ்க்கை திரும்பியது. அவர் கனிப்பொருள் ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் உலக யுத்தத்திலும் பணியாற்றிவிட்டு, தோம்ஸ்க் நகரில் ஆசிரியராக இருந்தார். 1920-ம் ஆண்டில் பெட்ரோகிராடு நகரில் உள்ள கனிப்பொருள் காட்சிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். (பெட்ரோகிராடுதான் பிறகு லெனின்கிராடு ஆயிற்று. இன்று அது செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்.)

வானத்தில் இருந்து விழும் விண்கற்களைச் சேகரிப்பதுதான் அங்கே அவருடைய வேலை.

காலண்டர் தாள்

1921-ம் ஆண்டு. விண்கற்களைத் தேடி ஒரு நீண்ட பயணத்துக்குக் கூலிக் தயார் ஆகிக்கொண்டு இருந்தார். அப்பொழுது ஒரு பத்திரிகை ஆசிரியர் அவரிடம் ஒரு சிறு தாளைக் கொடுத்தார்.

அது தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டரின் பழைய தாள். 1910-ம் ஆண்டுக் காலண்டர். தாளின் பின்பக்கத்தில் ஒரு செய்தி அச்சிடப்பட்டு இருந்தது. 1908-ம் ஆண்டில் கான்ஸ்க் என்ற ஊருக்கு அருகே, ரெயில் பாதையை ஒட்டி ஒரு பெரிய விண்கல் விழுந்ததாகவும், ரெயிலை நிறுத்திவிட்டுப் பயணிகள் அதைப் போய்ப் பார்த்ததாகவும் அதில் எழுதி இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் அந்தத் தாளில் பொட்டலம் மடித்து இருப்பார். கூலிக் அதைப் பத்திரப்படுத்தினார். சைபீரியாவுக்குக் கிளம்பினார்.

கான்ஸ்க் ஊரில் விசாரித்தார். ரெயில் பாதை அருகே விண்கல் எதுவும் இல்லை. பயணிகள் பார்த்ததாகச் சொன்னது பொய்ச் செய்தி. ஆனால் ரெயிலை நிறுத்தியது உண்மை. பயங்கரச் சத்தம் கேட்டதும், நெருப்புக் கோளம் வானத்தில் ஓடியதும் உண்மை. கூலிக் பலரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லோரும் வடக்குத் திசையைக் காட்டினார்கள்.

பொய்ச் செய்தி ஒன்று அவருக்கு மெய்யான வழியைக் காட்டிவிட்டது!

ஆனால் அதற்கு மேல் போகப் பணம் இல்லை. நாடு பஞ்சத்தில் தவித்த காலம் அது. கூலிக் திரும்பினார். பொறுமையாகக் காத்து இருந்தார். ஆறு ஆண்டுகள் கழிந்தன. இதற்கிடையில் வேறு சில ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பகுதி மக்களிடம் தகவல் சேகரித்தார்கள். இர்குட்ஸ்க் பூகம்பக் கருவியில் பதிவான கோடுகளை வைத்து, வெடித்த இடம் எது என்று கணக்குப் போட்டார்கள். எல்லாக் கணக்கும் துங்குஸ்கா என்ற ஆற்றின் பக்கத்தையே காட்டின.

மாபெரும் விண்கல் ஒன்று அங்கே புதைந்து கிடக்கிறது, அதில் ஏராளமான இரும்பு இருக்கும் என்று கூலிக் அரசாங்கத்துக்கு எடுத்துச் சொன்னார். விஞ்ஞானக் கழகம் பணம் கொடுத்தது.

போக மறுத்த வழிகாட்டி

1927-ம் ஆண்டு. குளிர் காலம் முடியும் முன்பே கூலிக் புறப்பட்டார். கூட ஓர் உதவியாளர். ரெயிலை விட்டு இறங்கியதும் குதிரைகள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டி. பல நூறு கிலோ மீட்டர் பயணம் செய்து வனவாரா போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காட்டில் வாழ்கிறவர்கள் ஈவங்கி மக்கள். கலைமான் வளர்ப்பதும் வேட்டை ஆடுவதும் அவர்கள் தொழில். 1908-ம் ஆண்டு வெடிப்பில் அவர்களுடைய மான் கூட்டங்கள் அழிந்தன. கூடாரங்கள் பறந்தன. சேர்த்து வைத்து இருந்த பொருள்கள் எரிந்து சாம்பல் ஆயின. ஓக்டி என்னும் நெருப்புத் தெய்வம் கோபம் கொண்டு இறங்கி வந்துவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். தெய்வக் குற்றம் பட்ட அந்த இடத்துக்கு யாரும் போவது இல்லை.

கூலிக் எப்படியோ ஒருவரை வழிகாட்டியாகச் சம்மதிக்க வைத்தார். முதல் தடவை போனபோது ஆழமான பனியில் குதிரைகளால் நடக்க முடியவில்லை. திரும்பிவிட்டார்கள். மறுபடியும் கிளம்பினார்கள். கோடரியால் மரம் வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள். கூலிக் ஒரு குன்றின் மேல் ஏறி நின்றார். எதிரே பார்த்தார். அப்படியே திகைத்துப் போனார்.

காடு படுத்துக் கிடந்தது!

மரம் மரமாக, ஆயிரம் ஆயிரமாக, வேரோடு சாய்ந்து கிடந்தன. அறுவடை செய்த வயலில் கதிர்களை வரிசையாகக் கிடத்தியது போல எல்லா மரங்களும் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தன. வடக்கே எவ்வளவு தூரம் பார்த்தாலும் அதற்கு முடிவே இல்லை.

வழிகாட்டி அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டார். அந்த மக்கள் பட்ட துன்பம் அப்படி. கூலிக் திரும்பி வந்து, வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். பனி உருகியதும் தெப்பம் கட்டி ஆற்று வழியாகப் போனார்.

நடுவில் நின்ற மரங்கள்

இந்தத் தடவை அவர் அழிவின் நடு மையத்தையே அடைந்துவிட்டார்.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்? மரங்களே சொல்லின. தெற்கே கிடந்த மரங்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்து இருந்தன. மேற்கே கிடந்தவை மேற்கு நோக்கிச் சாய்ந்து இருந்தன. கூலிக் வட்டமாகச் சுற்றி நடந்தார். எந்தப் பக்கம் போனாலும் மரங்களின் வேர்கள் ஒரே இடத்தைக் காட்டின. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் குடத்தைக் காட்டுவது போல!

ஆனால் அந்த மையத்தில் அவர் கண்ட காட்சி விசித்திரமாக இருந்தது. அங்கே மரங்கள் விழவில்லை. நின்றுகொண்டு இருந்தன. ஒரு கிளை இல்லை. ஓர் இலை இல்லை. பட்டை கருகி, தந்திக் கம்பம் போல மொட்டையாக நின்றன.

தரையில் வட்ட வட்டமாகப் பல குழிகள் இருந்தன. அவற்றில் சேறும் தண்ணீரும் நிறைந்து இருந்தன. கூலிக் துள்ளிக் குதித்தார். விண்கல் பல துண்டுகளாக உடைந்து விழுந்து இந்தக் குழிகளை உண்டாக்கி இருக்கிறது, தோண்டினால் இரும்பு கிடைக்கும் என்று முடிவு செய்தார்.

கையில் இருந்த உணவு தீர்ந்துகொண்டே வந்தது. தோண்டக் கருவிகளும் இல்லை. மனம் இல்லாமல் திரும்பினார். அவர் கொண்டுவந்த படங்களைப் பார்த்து உலகம் வியந்தது.

ஆற்றில் கவிழ்ந்த படகு

1928-ம் ஆண்டு மீண்டும் போனார். இந்தத் தடவை சினிமாப் படம் எடுக்கும் ஒருவரும் கூட வந்தார். ஆற்றில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறிப் பாயும் ஓர் இடம். கூலிக் போன படகு குபீர் என்று கவிழ்ந்தது. கூலிக்கைக் காணோம்! கரையில் நின்றவர்கள் பதறினார்கள். நல்ல காலம், படகுக் கயிறு அவர் காலில் சுற்றிக்கொண்டு இருந்தது. அதனால் அடித்துச் செல்லப்படாமல் உயிர் பிழைத்தார்.

காட்டில் கொசுக்கூட்டம் மேகம் போல மொய்த்தது. சத்து உள்ள உணவு இல்லாமல் வேலை ஆட்கள் நோயில் விழுந்தார்கள். கூலிக் அவர்களை ஊருக்கு அனுப்பினார். ஆனால் தான் மட்டும் வர மறுத்துக் காட்டிலேயே தங்கிவிட்டார். உதவி கொண்டுவர நண்பர் ஒருவர் நகரத்துக்கு விரைந்தார். பத்திரிகைகள் இந்தச் செய்தியை வெளியிட்டன. காட்டில் தனித்து இருக்கும் விஞ்ஞானியைக் காப்பாற்ற வேண்டும் என்று நாடே பேசியது. இலையுதிர் காலத்தில் உதவிக் குழு போய்ச் சேர்ந்தது.

குழியின் அடியில் ஒரு மரக்கட்டை

1929-ம் ஆண்டு மூன்றாவது பயணம். இதுதான் மிகப் பெரியது. ஒன்றரை ஆண்டு காலம் நீடித்தது. மண்ணைத் துளைக்கும் கருவிகள், தண்ணீர் இறைக்கும் பம்புகள், உணவு எல்லாம் மூட்டை மூட்டையாக வண்டிகளில் போயின. கிரினோவ் என்ற இளம் விஞ்ஞானியும் குழுவில் இருந்தார்.

பெரிய குழி ஒன்றைத் தேர்ந்து எடுத்தார்கள். உறைந்த மண்ணை வெட்டி நீண்ட வாய்க்கால் தோண்டினார்கள். தண்ணீரை வடித்தார்கள். சேற்றை அள்ளினார்கள். எல்லோருடைய கண்களும் குழியின் அடியையே பார்த்துக்கொண்டு இருந்தன.

அடியில் என்ன இருந்தது? விண்கல்லா?

இல்லை. ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டை!

அது வேர் விட்ட இடத்திலேயே, மண்ணைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. இதற்கு என்ன பொருள்? பெரிய கல் ஒன்று அங்கே விழுந்து இருந்தால் அந்தக் கட்டை தூள் தூளாகி இருக்கும். ஆகவே அந்தக் குழி விண்கல் விழுந்து உண்டானது அல்ல. பூமிக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனி உருகும்போது, மண் உள்வாங்கித் தானாக உண்டாகும் பள்ளம் அது.

கிரினோவுக்கு இது விளங்கிவிட்டது. ஆனால் கூலிக் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை ஆண்டுக் கனவு! ஒரு மரக்கட்டைக்காக அதை விட்டுவிட முடியுமா? வேறு இடத்தில் துளை போடச் சொன்னார். குளிர் காலம் வந்தது. பனிக்காற்று ஊசி போலக் குத்தியது. கிரினோவின் கால் குளிரில் விறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. வேலை நிற்கவில்லை. 25 மீட்டருக்கும் அதிக ஆழம் துளைத்தார்கள்.

ஒரு குண்டுமணி அளவு விண்கல் கூடக் கிடைக்கவில்லை.

கூலிக் மனம் தளராத மனிதர். 1938-ம் ஆண்டில் விமானத்தை அனுப்பி, அந்தக் காட்டை வானத்தில் இருந்து படம் எடுக்க வைத்தார். சாய்ந்த மரங்களின் ஒழுங்கு அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. 1939-ம் ஆண்டு மறுபடியும் போனார். விண்கல் சதுப்பு நிலத்துக்கு அடியில் இருக்கலாம் என்பது இப்பொழுது அவருடைய எண்ணம். அதே ஆண்டில் விஞ்ஞானக் கழகம் விண்கற்களுக்கு என்று ஒரு தனிக் கமிட்டி அமைத்தது. கூலிக் அதன் செயலாளர் ஆனார்.

அதுவே அவருடைய கடைசிப் பயணம்.

58 வயதில் போர்க்களம்

1941-ம் ஆண்டு ஜுன் மாதம் 22-ந்தேதி ஹிட்லரின் படைகள் ரஷியாவுக்குள் புகுந்தன.

கூலிக்குக்கு வயது 58 நடந்துகொண்டு இருந்தது. பெயர் பெற்ற விஞ்ஞானி. அவர் யுத்தத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் மாஸ்கோ மக்கள் திரட்டிய தொண்டர் படையில் தானாகப் போய்ச் சேர்ந்தார். அவரைத் திரும்ப அழைக்க விஞ்ஞானக் கழகம் முயன்றது. அவர் வரவில்லை. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போர் முனைக்குப் போனார்.

அக்டோபர் மாதம் நடந்த சண்டையில் அவர் காலில் காயம் பட்டது. ஜெர்மானியர்கள் அவரைச் சிறைப் பிடித்தார்கள். கைதிகள் முகாமில் தன்னைப் போல் காயம் பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். அங்கே டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. மற்றவர்களைக் கவனித்த கூலிக்கையும் அது பற்றிக்கொண்டது.

1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ந்தேதி, ஸ்பாஸ் தெமென்ஸ்க் என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது.

தேடிய பொருள் கிடைக்காமலே அவர் கண் மூடினார்.

விடை எங்கே இருந்தது?

கூலிக்கின் உழைப்பு எல்லாம் வீணா? இல்லை!

1945-ம் ஆண்டு ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தின் மீது அணுகுண்டு போட்டார்கள். அது தரையில் விழுந்து வெடிக்கவில்லை. வானத்திலேயே வெடித்தது. சுற்றிலும் கட்டடங்கள் தரைமட்டம் ஆயின. ஆனால் குண்டுக்கு நேர் கீழே இருந்த கட்டடம் ஒன்றின் சுவர்கள் விழாமல் நின்றன. நேர் மேலே இருந்து அடித்த காற்று, சுவரைப் பக்கவாட்டில் தள்ளவில்லை. அதனால்தான் அது நின்றது.

இதைக் கண்டதும் விஞ்ஞானிகளுக்குத் துங்குஸ்கா நினைவு வந்தது. நடுவில் மொட்டையாக நின்ற மரங்கள்! சுற்றிலும் சாய்ந்த மரங்கள்! இரண்டும் ஒரே கதை அல்லவா?

விஷயம் இதுதான். 50 அல்லது 60 மீட்டர் அகலம் உள்ள ஒரு விண்பொருள் பயங்கர வேகத்தில் பூமியை நோக்கிப் பாய்ந்தது. காற்று அதை எதிர்த்தது. தரையைத் தொடும் முன்பே, 5 முதல் 10 கிலோ மீட்டர் உயரத்தில், அது சூடேறி வெடித்துச் சிதறிவிட்டது. அதனால்தான் தரையில் குழி இல்லை. தோண்டிய இடத்தில் கல்லும் இல்லை. 1958-ம் ஆண்டில் இருந்து போன குழுக்கள் மண்ணைச் சலித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு உருண்டைகள் கிடைத்தன. விண்பொருளின் மிச்சம் அவை என்று கருதப்படுகிறது.

சாய்ந்த காட்டின் பரப்பு 2,150 சதுர கிலோ மீட்டர். விழுந்த மரங்கள் சுமார் 8 கோடி. வெடியின் சக்தி ஹிரோஷிமா குண்டைப் போலப் பல நூறு மடங்கு.

கூலிக் விடையைத் தேடி மண்ணைத் தோண்டினார். விடையோ மண்ணின் மேல், சாய்ந்த மரங்களின் வரிசையில் எழுதி வைத்தாற்போல் இருந்தது! அதை முதலில் பார்த்த விஞ்ஞானியும் அவரே. படம் எடுத்து உலகத்துக்குக் கொடுத்தவரும் அவரே. அவருடைய முடிவு தவறு. ஆனால் அவர் சேர்த்த சாட்சிகள் சரியானவை. அந்தச் சாட்சிகளை வைத்துத்தான் மற்றவர்கள் உண்மையைக் கண்டார்கள்.

மறுபடியும் வருமா?

வரும். வந்தும் இருக்கிறது.

2013-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி. அதே ரஷியாவில் செலியாபின்ஸ்க் நகரம். காலை நேரம். சூரியனை விடப் பிரகாசமான ஒரு நெருப்புக் கோளம் வானத்தைக் கடந்தது. சுமார் 20 மீட்டர் அகலம் உள்ள கல் அது. 30 கிலோ மீட்டர் உயரத்தில் வெடித்தது.

வெளிச்சத்தைக் கண்ட மக்கள் வேடிக்கை பார்க்க ஜன்னல் அருகே ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆன பிறகு அதிர்ச்சி அலை வந்து மோதியது. கண்ணாடிகள் சில்லுச் சில்லாகப் பறந்தன. சுமார் 1,500 பேருக்குக் காயம். பள்ளிக்கூடம் ஒன்றில் ஓர் ஆசிரியை, வெளிச்சத்தைக் கண்டதுமே 44 குழந்தைகளையும் மேஜைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். குழந்தைகளுக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆசிரியையைத்தான் கண்ணாடித் துண்டுகள் கிழித்தன.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வானத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒன்று ஓடினால், ஜன்னலுக்குப் போகக் கூடாது. கண்ணாடியை விட்டு விலகித் தரையில் பதுங்க வேண்டும். வெளிச்சம் முன்னே வரும். அடி பின்னே வரும்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். கூலிக் வேலை பார்த்த செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரமும் துங்குஸ்கா காடும் பூமி உருண்டையில் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. பூமி மேற்கில் இருந்து கிழக்காகச் சுழல்கிறது. 1908-ம் ஆண்டில் அந்த விண்பொருள் சுமார் 5 மணி நேரம் தாமதமாக வந்து இருந்தால், காட்டுக்குப் பதிலாக அந்தப் பெரிய நகரம் அதன் கீழே வந்து இருக்கும்! நினைத்தாலே நெஞ்சம் நடுங்குகிறது அல்லவா?

துங்குஸ்கா போன்ற பெரிய வெடிப்பு எப்பொழுதோ ஒரு தடவைதான் நடக்கும். சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று சிலர் கணக்கிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஆகவே தினமும் பயந்து சாக வேண்டாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம்.

விஞ்ஞானிகள் கண்ணை மூடவில்லை. இரவுதோறும் தொலைநோக்கிகள் வானத்தைச் சலிக்கின்றன. பூமிக்கு அருகே வந்து போகும் 30 ஆயிரத்துக்கும் அதிகமான சிறுகோள்களைக் கண்டுபிடித்து, அவற்றின் பாதையைக் கணக்கிட்டு இருக்கிறார்கள். உலகத்தையே அழிக்கக்கூடிய பெரியவற்றில் பெரும்பாலானவை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் துங்குஸ்காவில் வெடித்தது போன்ற சிறியவற்றில் இன்னும் பெரும்பகுதி கண்ணில் படவில்லை. வேலை பாக்கி இருக்கிறது.

வருகிற கல்லைத் திருப்பிவிட முடியுமா என்றும் பார்த்தார்கள். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி அமெரிக்காவின் நாசா அனுப்பிய விண்கலம் ஒன்று, சுமார் 1 கோடியே 10 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் இருந்த டிமார்பஸ் என்ற சிறுகோள் மீது வேண்டும் என்றே போய் மோதியது. அந்தச் சிறுகோளின் அகலம் சுமார் 160 மீட்டர். அதனால் பூமிக்கு ஆபத்து எதுவும் கிடையாது. பரீட்சைக்காகவே அதைத் தேர்ந்து எடுத்தார்கள். அது தன்னை விடப் பெரிய இன்னொரு சிறுகோளைச் சுற்றிக்கொண்டு இருந்தது. மோதிய பிறகு, ஒரு சுற்றுச் சுற்றி வர அது எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்துவிட்டது. வானத்தில் ஓடும் கல்லின் பாதையை மனிதன் மாற்றியது அதுவே முதல் தடவை!

முன்கூட்டியே கண்டுபிடித்தால் தப்பிக்கலாம். அதற்குத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால்தான் ஜுன் 30-ந்தேதியை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுகோள் தினமாக அறிவித்து இருக்கிறது. துங்குஸ்காவில் நெருப்பு இறங்கிய நாள் அது.

கூலிக்கையும் உலகம் மறக்கவில்லை. சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்து இருக்கிறார்கள். ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர்தான்.

வானத்தில் இருந்து விழுந்த கல்லைத் தேடி, காட்டிலும் சேற்றிலும் அலைந்தார் கூலிக். அது கிடைக்கவில்லை. இன்று அவர் பெயரைத் தாங்கி ஒரு கல் வானத்தில் சுற்றிக்கொண்டு இருக்கிறது!